மூன்றாம் பகுதியில் ஃபங்க் ஒழித்த வரலாறு

மூன்றாம் பகுதியின் எக்ஸாஸ்ட் ஃபேன் மாசி மாதம் நின்றது. ஆனி பிறந்தும் ஓடவில்லை. நடுவில் ஒரு மைனா ஃபேன் இறக்கையில் கூடு கட்டப் பார்த்தது. இரண்டு நாள் புகையைக் குடித்துவிட்டுப் பாதியில் விட்டுப் போனது. மைனாவுக்கு மெமோ கொடுக்க வழியில்லை.

ஓசூரை ஒட்டிய தொழிற்பேட்டையில், வண்டி எஞ்சினுக்கு அலுமினிய மூடி வார்க்கிற கம்பெனி அது. மூன்றாம் பகுதியில் ஆறு மெஷின்கள், ஷிஃப்டுக்கு முப்பத்தெட்டுப் பேர். ஒவ்வொரு மூடியை எடுத்ததும் டை என்கிற அச்சின் மேல் எண்ணெய் கலந்த மருந்தைப் பீய்ச்ச வேண்டும். சூட்டில் பட்டதும் அது வெள்ளைப் புகையாக எழும்பும். ஃபேன் ஓடினால் புகை வெளியே போகும். ஓடாவிட்டால் ஆட்களுக்குள் போகும். இதில் புரியாத விஷயம் எதுவும் இல்லை.

ராஜப்பனுக்கு இரண்டாம் நம்பர் மெஷின். கெலமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன், தக்காளி போட்டுக் கைவிட்டுப் பதினேழு வருஷமாக உலையடியில் நிற்கிறவன். அவனுக்கு எதிர் மேசையில், சூடு ஆறிய மூடிகளுக்குப் பிசிறு தேய்ப்பவள் நாகம்மாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஃபேன் நின்ற மூன்றாவது வாரம் இருமத் தொடங்கினாள். இப்போது இருமலுக்கு நடுவில்தான் பேச்சு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, காற்றை மாற்றாவிட்டால் மாத்திரை வீண் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் ராஜப்பனிடம் சொன்னாள்.

"அண்ணாச்சி, இன்னும் ஒரு மாசம் பாப்பேன். அதுக்குள்ள அந்த ஃபேன் சுத்தலைன்னா நான் ஊரப் பாத்துப் போயிருவேன். இங்கன இருந்து சம்பாதிச்சு இந்த நெஞ்சுக்கே குடுக்கவா?"

"ஆவும்மா. கேட்டுக்கினுதான இருக்கறோம்," என்றான் ராஜப்பன்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ராஜப்பன் லைன் லீடர் மாதேஷிடம் சொன்னான். மாதேஷ் தனக்கு மேலே உள்ளவர்களிடம் சொன்னான். எலக்ட்ரீஷியன் ஆனந்த் ஏணி போட்டு ஏறிப் பார்த்து, மோட்டாரில் சுருள் எரிந்துவிட்டது, ஒரு நாள் வேலை என்று எழுதிக் கொடுத்தான். அந்தக் காகிதம் கிளம்பியது. அது எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கப் போனவர்கள், கேட்பதற்குத் தனியாக ஒரு காகிதம் எழுதித் தரவேண்டும் என்று தெரிந்துகொண்டு திரும்பினார்கள்.

இது மெஷின்களுக்கு நேர்வதில்லை. மெஷின் தலையில் விளக்கு இருக்கிறது. சிவப்பு எரிந்தால் பத்து நிமிடத்தில் மெயின்டெனன்ஸ் ஆள் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அவன் மேல் கேஸ். ஆட்களின் தலையில் விளக்கு இல்லாத குறையை, ஃபேன் நிற்பதற்கு முந்தின தை மாதமே கம்பெனி தீர்த்து வைத்தது.

கடல் கடந்த தலைமை அலுவலகத்திலிருந்து வந்த திட்டம் அது. பெயர் 'ஃபங்க் இல்லாத தளம்'. பகுதியின் வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். முப்பத்தெட்டுப் பெயர்கள், பெயருக்கு எதிரே ஓர் ஆணி. பக்கத்துப் பெட்டியில் பச்சை, சிவப்பு வில்லைகள். பச்சையில் சிரிக்கிற முகம், சிவப்பில் வாய் கவிழ்ந்த முகம். வேலைக்கு வருகிறவர் தன் மனநிலைக்கு ஏற்ற முகத்தை எடுத்து மாட்டிவிட்டு உள்ளே போக வேண்டும்.

திறப்பு விழாவில் மனிதவளத் தலைவர் சிவராஜ் விளக்கம் சொன்னார். ஃபங்க் என்றால் சோர்வு. ஃபங்க் என்றால் அச்சம். ஃபங்க் என்றால் வாடை. அதே பெயரில் அமெரிக்காவில் ஆட வைக்கும் ஓர் இசையும் உண்டு. இவற்றில் எதை ஒழிக்கச் சொல்கிறார்கள் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருப்பதாகவும், பதில் வரும்வரை எல்லாவற்றுக்கும் தயாராக இருப்போம் என்றும் சொன்னார். கை தட்டினார்கள்.

பதில் வரவில்லை. வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. கேன்டீன் சாம்பார் புளித்தால் ஃபங்க். பொண்டாட்டியோடு சண்டை போட்டு வந்தவன் ஃபங்க். சாக்ஸைக் கழற்றினால் ஃபங்க். மழைக்கு முந்தின புழுக்கமும் ஃபங்க்தான். மூன்றாம் பகுதியில் இரண்டு மொழி தெரிந்தவனும் மூன்று மொழி தெரிந்தவனும் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் புரிந்த வார்த்தை அது ஒன்றுதான்.

பலகைக்கும் ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஒருவர் சிவப்பு மாட்டினால் லைன் லீடர் பதினோரு கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. அதனால் மாதேஷ் தினமும் கால் மணி முன்னதாக வந்து, டீ குடித்தபடியே முப்பத்தெட்டுப் பச்சையையும் தானே மாட்டிவிடுவான். தலைவலிக்காரர், கடன்காரர், காதல் தோல்விக்காரர் எல்லோரும் சிரித்துக்கொண்டு தொங்குவார்கள். ஐந்து மாதத்தில் சிவப்புப் பெட்டியின் நெகிழி உறையைக்கூட யாரும் கிழிக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை சானமாவுக் காட்டோரம் ஏழு யானைகள் ரோட்டில் நின்றன. உத்தனப்பள்ளிப் பக்கமிருந்து வரும் கம்பெனி பஸ் அவற்றுக்குப் பின்னால் நின்றது. பஸ்ஸுக்குள் மாதேஷ் உட்கார்ந்திருந்தான்.

ராஜப்பன் வேறு வழி. முதல் ஆளாக வந்து சேர்ந்தான். பலகையில் ஆணிகள் மட்டும் இருந்தன. அவன் அந்தப் பலகையை வெறுமையாகப் பார்த்ததே இல்லை. சிவப்பு வில்லைகளைப் பார்த்தான். பதினேழு வருஷமாக அவனுக்குத் தெரிந்த சிவப்புக்கு ஒரே பொருள்தான். சிவப்பு என்றால் பத்து நிமிடத்தில் ஆள் வருவான், எது ஓடவில்லையோ அதைச் சரி செய்வான். இவ்வளவு நாள் இது தெரியாமல் காகிதம் கொடுத்தோமே என்று நினைத்துக்கொண்டான். உறையைக் கிழித்து, தன் பெயருக்கு எதிரே ஒரு சிவப்பை மாட்டிவிட்டு, உலையைப் பற்றவைக்கப் போனான்.

பத்து நிமிடத்தில் வந்துவிட்டார்கள். அதில் குறை சொல்ல முடியாது.

வந்தவள் எச்.ஆர். பெண் சுப்ரியா. அவளுக்குப் பின்னால் செக்யூரிட்டி, பர்ஸ்ட் எய்டு பெட்டி, ஒரு தண்ணீர் பாட்டில். புகைக்குள் வந்ததும் அவளுக்குக் கண் வழிந்தது. துடைத்துக்கொண்டு டேப்லெட்டைத் திறந்தாள்.

"அண்ணா, என்னாச்சு? எந்த வகை ஃபங்க்?"

ராஜப்பன் மேலே கை காட்டினான். "ஃபேன் ஓடலம்மா. நாலு மாசமாவுது."

அவள் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தாள், மறுபடி டேப்லெட்டைப் பார்த்தாள். ஃபாரத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. சோர்வு, அச்சம், வாடை, இசை.

"ஃபேன்னு கட்டம் இல்லண்ணா. உங்களுக்குச் சோர்வா இருக்கா?"

இருக்கிறது என்றான். அச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். எதிர் மேசையில் நாகம்மாள் இருமிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அதுவும் இருக்கிறது என்றான். வாடையைப் பற்றி அவளே கேட்காமல் டிக் அடித்தாள்.

"இசை என்னாத்துக்கு?" என்றான் ராஜப்பன்.

"எனக்கும் தெரியாதுண்ணா. ஹெட் ஆபீஸ் ஃபாரம். நாலும் போடலன்னா க்ளோஸ் ஆவாது."

நான்கும் டிக் ஆனது. நான்கு கட்டத்திலும் டிக் வாங்கிய முதல் தொழிலாளி என்று ராஜப்பனின் பெயர் அன்று மாலைக்குள் மூன்று நாடுகளுக்குப் போனது. யானைகள் நகர்ந்து பதினொரு மணிக்கு வந்து சேர்ந்த மாதேஷ், பலகையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு, "என்னாண்ணா, ஒரு நாள் நான் லேட்டா வந்தா நீ தேசத்தையே வித்துருவ போலக்கீதே," என்றான்.

முதலில் சோர்வை ஒழித்தார்கள். மூன்றாம் பகுதியின் மூலையில் கண்ணாடி வைத்து ஓர் அறை கட்டினார்கள். உற்சாக அறை என்று பெயர். உள்ளே ஏசி, இரண்டு சோபா, ஒரு பிளாஸ்டிக் மூங்கில் செடி. ராஜப்பன் தினமும் இருபது நிமிடம் அதில் உட்கார்ந்து, சுவரில் டி.வி.யில் ஓடும் அருவியைப் பார்க்க வேண்டும். அந்த இருபது நிமிடமும் மெஷின் நிற்கும் என்பதால் ஷிஃப்ட் முடிந்தபிறகு இருபது நிமிடம் கூடுதலாக நிற்க வேண்டும். கம்பெனி பஸ் போய்விடும். அருவியைப் பார்த்துவிட்டு அவன் வேறு பஸ் பிடிக்க மத்திகிரி வரை நடந்தான்.

அறை கட்டிய மேஸ்திரி இரண்டு நாளில் முடித்துவிட்டார். ஏசிக்குக் காகிதம் எப்படிப் போனது, எப்போது திரும்பியது என்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு அச்சத்தை ஒழித்தார்கள். பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். எல்லோரையும் இரண்டாம் நம்பர் உலையைச் சுற்றி நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு காகிதம் கொடுத்து, மனதில் உள்ள பயத்தை எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் ஒவ்வொருவராக வந்து உலையில் போடச் சொன்னார். பயம் எரிவதைப் பாருங்கள், லேசாவதை உணருங்கள் என்றார். முப்பத்தெட்டுக் காகிதமும் எரிந்தன. ஏற்கெனவே இருந்த புகையோடு அந்தப் புகையும் சேர்ந்தது. நாகம்மாள் தன் காகிதத்தில் ஃபேன் என்று எழுதியிருந்தாள். அது எரிந்ததும் அவளுக்கு வந்த இருமல் ஐந்து நிமிடம் நிற்கவில்லை. பயம் வெளியேறுகிறது என்று பயிற்சியாளர் கை தட்டச் சொன்னார்.

மறுநாள் தரக்கட்டுப்பாட்டிலிருந்து ஆள் வந்தார். முந்தின நாள் வார்த்த நூற்றுப் பன்னிரண்டு மூடிகளில் கரிப்புள்ளி இருந்தது. உலையில் அந்நியப் பொருள் கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அது ராஜப்பனின் உலை. அவனுக்கு மெமோ வந்தது. எழுத்துமூலம் பதில் தரச் சொல்லியிருந்தார்கள். 'உலையில் போட்டது எல்லோருடைய பயம்' என்று ராஜப்பன் எழுதிக் கொடுத்தான். விளக்கம் திருப்தியாக இல்லை என்று இரண்டாவது மெமோ வந்தது.

"இப்ப புதுசா ஒரு பயம் வந்துக்கீது. அத எங்க போடறது?" என்று மாதேஷிடம் கேட்டான். மாதேஷ் சிரிக்கவில்லை. அவனுக்கும் ஒரு மெமோ வந்திருந்தது.

மூன்றாவதாக வாடையை ஒழித்தார்கள். மேலதிகாரிகள் நான்கு பேர் கொண்ட குழு ஒன்று வந்து பகுதியின் நடுவில் நின்று மோந்து பார்த்தது. எண்ணெய், உலோகம், வியர்வை என்று மூன்று வாடைகளைக் குறித்துக்கொண்டது. எண்ணெய் இல்லாமல் மெஷின் ஓடாது. உலோகம் இல்லாமல் கம்பெனி இல்லை. ஆகவே வியர்வையை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் எலுமிச்சை வாசனை ஸ்ப்ரே கொடுத்தார்கள். தினமும் காலையில் வாசலில் வரிசையாக நின்று இரண்டு கையையும் தூக்க வேண்டும். செக்யூரிட்டி பக்கத்தில் வந்து, போகலாம் என்று தலையாட்டுவார். அறுபதை நெருங்கிய மனிதர் அவர். மூன்றாவது நாளே, நாற்பது வருஷம் நாணயமாக உழைத்ததற்கு இதையெல்லாம் மோப்பம் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று ராஜப்பனிடம் வருத்தப்பட்டார். ராஜப்பன் கையைத் தூக்கியபடியே அவருக்கு ஆறுதல் சொன்னான். உலைச் சூட்டில் எலுமிச்சை கருகி, புகைக்கு இப்போது புளித்த ஒரு நெடி சேர்ந்தது.

நாகம்மாள் கெடு வைத்த ஒரு மாதத்தில் இருபத்து நான்கு நாள் முடிந்திருந்தது.

இசைக்குப் பெரிய விழா. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு விருந்தினர். பெங்களூர் இசைக்குழு ஒன்று கிதாரும் டிரம்ஸும் ஆளுயர ஸ்பீக்கர்களுமாக வந்து இறங்கியது. ஸ்பீக்கருக்குக் கரண்ட் போதவில்லை. ஆனந்தைக் கூப்பிட்டார்கள். சும்மா கிடக்கும் பெரிய இணைப்பு இது ஒன்றுதான் என்று சொல்லி, அவன் ஏணி போட்டு ஏறி, எக்ஸாஸ்ட் ஃபேனின் வயரைக் கழற்றி ஸ்பீக்கருக்குக் கொடுத்தான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இறங்கும்போது ராஜப்பனின் முகத்தைப் பார்க்காமல் இறங்கினான்.

சிவராஜ் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, சில பேர் என்கிட்ட வந்து காத்து சரியில்லன்னு சொல்றாங்க. நான் கேக்கறேன், புகை வெளியே இருக்கா, உள்ளே இருக்கா? யோசிங்க."

"உள்ளதான் சார் கீது. அதத்தான சொல்றோம்," என்றான் ராஜப்பன். முன்வரிசையில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

சிவராஜ் மகிழ்ந்துபோனார். "கரெக்ட். நாலு கட்டமும் டிக் ஆன ராஜப்பனே புரிஞ்சுக்கிட்டார். நண்பர்களே, காத்த மாத்தறது ஈசி. ஒரு மோட்டார் போதும், யார் வேணா மாத்திடலாம். மனுஷன மாத்தறதுதான் கஷ்டம். இந்த மேனேஜ்மென்ட் எப்பவுமே கஷ்டமானதைத்தான் தேர்ந்தெடுக்கும். அதுல உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் வந்தாலும் நாங்க பின்வாங்க மாட்டோம்."

விருந்தினர்கள் புரியாமல் கை தட்டினார்கள். இசை தொடங்கியது. தரை அதிர்ந்தது. மெஷினை நிறுத்த அனுமதி இல்லாததால் ராஜப்பன் மருந்தைப் பீய்ச்சிக்கொண்டே கேட்டான். மோசமில்லை, நின்ற இடத்தில் கால் தானாக ஆடும்படி இருந்தது. வேறு இடத்தில், வேறு நாளில் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. மூன்றாவது பாட்டின் நடுவில் பாடகருக்கு இருமல் வந்தது. விருந்தினர்களை உற்சாக அறைக்கு அழைத்துப்போனார்கள். உள்ளே போவதும் வருவதுமாகக் கதவு திறந்தே கிடந்ததால் புகையும் உள்ளே போய் உட்கார்ந்தது. சிவராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டே, கை கொடுத்து வழியனுப்பினார்.

விழா முடிந்த நான்காம் நாள் காலை ஒரு மரப்பெட்டி வந்தது. புத்தம் புது எக்ஸாஸ்ட் ஃபேன். பெட்டியில் மூன்றாம் பகுதி என்று எழுதியிருந்தது.

ராஜப்பன் அதைத் தடவிப் பார்த்தான். நாகம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். அன்று ஊருக்குப் பஸ் டிக்கெட் எடுக்க இருந்தவள், எடுக்கவில்லை.

"சொன்னனே, ஆவும்னு," என்றான் ராஜப்பன். ஒரு சிவப்பு வில்லையால் ஆன காரியம் என்று மாதேஷிடமும் சொன்னான். மாதேஷ் முதல்முறையாக அவனுக்குத் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தான்.

மத்தியானம் ஆனந்த் டிரில்லிங் மெஷினோடு வந்தான். உற்சாக அறையின் சுவரில் வட்டமாகத் துளை போட்டான். ஃபேனை அதில் பொருத்தினான். பட்டனைத் தட்டியதும் அது சத்தமில்லாமல், அழகாகச் சுற்றியது. உற்சாக அறையின் புகையை இழுத்து வெளியே தள்ளியது. அறைக்கு வெளியே இருந்தது மூன்றாம் பகுதி. ஃபேனின் வாய்க்கு நேராக இருந்தது பிசிறு தேய்க்கிற மேசை.

நாகம்மாளின் நெற்றி முடி காற்றில் பறந்தது. அவள் ஃபேனைப் பார்த்தாள்.

"சுத்துதுல்லா அண்ணாச்சி," என்றாள்.

ஷிஃப்ட் முடியும்வரை நின்று, மேசையில் கிடந்த கடைசி மூடி வரைக்கும் பிசிறு தேய்த்து அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த பெண், நாகம்மாள் ராத்திரி பஸ் ஏறிவிட்டாள் என்றும், அண்ணாச்சியிடம் சொல்லச் சொன்னாள் என்றும் வந்து சொன்னாள்.

அவள் மேசைக்குக் கான்ட்ராக்டில் வேறொரு பெண் வந்தாள். பலகையில் பெயர் எழுத வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும் என்பதால் நாகம்மாள் பெயர் அப்படியே இருந்தது. மாதேஷ் பழைய வழக்கப்படி கால் மணி முன்னதாக வந்து முப்பத்தெட்டுப் பச்சையை மாட்டினான். நாகம்மாளும் தினமும் சிரித்துக்கொண்டு தொங்கினாள். மாத அறிக்கையில் மூன்றாம் பகுதி நூறு சதவீதம். சிவராஜுக்குத் தலைமை அலுவலகம் ஒரு கேடயம் அனுப்பியது. அதை உற்சாக அறையில், மூங்கில் செடிக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

ராஜப்பன் ஒரு மாதம் அந்தப் பச்சையைக் கடந்து உள்ளே போனான். ஒரு நாள் அவனால் போக முடியவில்லை. சிவப்புப் பெட்டியில் கை விட்டு ஒரு வில்லையை எடுத்தான். நாகம்மாள் ஆணியிலிருந்த பச்சையைக் கழற்றிவிட்டுச் சிவப்பை மாட்டினான். டீ டம்ளரோடு நின்ற மாதேஷ் பார்த்தான், பிறகு வேறு பக்கம் திரும்பி டீயைக் குடித்தான்.

சுப்ரியா ஓடி வந்தாள். இப்போது அவளுக்கும் லேசாக இருமல் இருந்தது. புது ஃபேனைத் தாண்டித்தான் அவள் வர வேண்டும்.

"அண்ணா, நாகம்மாள் எங்க?"

"ஊருக்குப் போயிட்சும்மா. ஒரு மாசமாச்சு."

அவள் பலகையைப் பார்த்தாள். மேலே நின்றுபோன பழைய ஃபேனைப் பார்த்தாள். அவள் அறிக்கையிலும் நாகம்மாள் ஒரு மாதமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிவப்பு விழுந்துட்டா நான் க்ளோஸ் பண்ணித்தான் ஆகணும்ணா," என்றாள், குரலைத் தாழ்த்தி.

"பண்ணும்மா," என்றான்.

டேப்லெட்டைத் திறந்தாள். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். விலகிப் போன ஆளுக்கு 'இல்லை' போடவும் ஃபாரம் விட்டது. சோர்வு, ஆள் இல்லாததால் இல்லை. அச்சம், இல்லை. வாடை, இல்லை. இசை என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, அதற்கும் இல்லை போட்டாள். இந்த முறை நான்கு கட்டமும் ஒழுங்காக நிரம்பியது. காரணம் நீங்கியது, புகார் தீர்க்கப்பட்டது என்று திரையில் பச்சையாக வந்தது. பக்கத்து மேசைக்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று டேப்லெட்டை நீட்டினாள்.

ராஜப்பன் விரலைக் கைதுடைக்கும் பழந்துணியில் துடைத்துக்கொண்டு, கண்ணாடித் திரையில் தன் பெயரை எழுதினான். அவள் சிவப்பைக் கழற்றிப் பச்சையை மாட்டிவிட்டு, இருமியபடி போனாள்.

மாதேஷ் கடிகாரத்தைப் பார்த்தான். சிவப்பு மாட்டியதிலிருந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.